சானிலிருந்து பூட் ஆகும் சர்வர்கள்: ஒரு ஃபேப்ரிக் போனதும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்வது ஏன்?

தேடல் கேட்டது:

வணக்கம். எங்கள் தரவு மையத்தில் உள்ள லினக்ஸ் சர்வர்கள் பெரும்பாலானவற்றில் உள்வட்டு கிடையாது. அவை சான் எனப்படும் ஸ்டோரேஜ் வலையமைப்பில், ஃபைபர் சேனல் வழியாக, ஸ்டோரேஜில் உள்ள ஒரு லன்னிலிருந்தே (ஸ்டோரேஜ் ஒதுக்கித் தரும் வட்டிலிருந்தே) பூட் ஆகின்றன. ஒவ்வொரு சர்வரிலும் சானோடு இணைக்கும் இரண்டு போர்ட் கொண்ட எச்பிஏ அட்டை உண்டு. ஒரு போர்ட் ஏ ஃபேப்ரிக்கிற்கும் மற்றது பி ஃபேப்ரிக்கிற்கும் செல்கிறது; ஃபேப்ரிக் என்பது தனித்து இயங்கும் ஒரு ஸ்விட்ச் வலை. ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலர்களும் இரு ஃபேப்ரிக்குகளிலும் இணைக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு லன்னுக்கும் நான்கு பாதைகள் இருக்கின்றன.

அண்மையில் ஏ ஃபேப்ரிக்கின் பழைய ஸ்விட்சைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினோம். அந்த வேலை முடியும் வரை சில மணி நேரம் பி ஃபேப்ரிக் மட்டுமே இயங்கியது. பெரும்பாலான சர்வர்கள் பதிவேட்டில் சில வரிகளை எழுதிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் இரண்டு சர்வர்கள் மட்டும் வேறு விதமாக நடந்துகொண்டன.

முதலாவது ஒரு தரவுத்தள சர்வர். ஸ்விட்சை அணைத்த சில வினாடிகளிலேயே அதன் ரூட் கோப்பு முறைமை ரீட்-ஒன்லி ஆகிவிட்டது. வியப்பு என்னவென்றால், அதே ஸ்டோரேஜிலிருந்து வரும் தரவு லன்கள் எந்தக் குறையுமின்றி வேலை செய்தன. ஏ ஃபேப்ரிக் திரும்பிய பிறகும் ரூட் சரியாகவில்லை. மீண்டும் எழுதக்கூடியதாக ரீமவுன்ட் செய்ய முயன்றபோது கணினி மறுத்துவிட்டது.

இரண்டாவது சர்வர், ஏ இல்லாதபோதும் நன்றாகவே ஓடியது. வேறொரு காரணத்திற்காக அதை இடையில் ரீபூட் செய்தோம்; பூட் செய்ய வட்டு எதுவும் இல்லை என்ற அறிவிப்போடு திரை நின்றுவிட்டது. ஏ திரும்பியதும் கைவைக்காமலேயே பூட் ஆனது.

ஒரே மாதிரியான கேபிள், ஒரே ஸ்டோரேஜ், ஒரே சோனிங் (எந்தப் போர்ட் எதைப் பார்க்கலாம் என்ற ஸ்விட்ச் விதி) முறை. பிறகு ஏன் இந்த வேறுபாடு? கூடவே, எல்லாப் பாதைகளும் ஒரே நேரத்தில் போனால் ரூட் லன் காத்திருக்க வேண்டுமா, உடனே பிழை கொடுக்க வேண்டுமா என்பதிலும் எங்கள் குழுவில் இரு கருத்துகள் உள்ளன. அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

ஒளியிழை பதில்:

உங்கள் இரண்டு சர்வர்களுக்கும் நேர்ந்தவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வேறு கோளாறுகள். சானிலிருந்து பூட் ஆகும் சர்வர் தன் வட்டை மூன்று கட்டங்களில் மூன்று வெவ்வேறு மென்பொருள்களின் கண் வழியாகப் பார்க்கிறது: முதலில் எச்பிஏயின் ஃபர்ம்வேர், அடுத்து இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டை ஏற்றுவதற்கு முன் நினைவகத்தில் ஓடும் சிறு தொடக்கக் கணினி), கடைசியாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி. பாதைகளைப் பற்றி ஒன்றுக்குத் தெரிந்தது மற்றொன்றுக்குத் தெரியாது. ஒரே லன்னின் பல பாதைகளை ஒரே சாதனமாக்கும் அடுக்கை நாம் மல்டிபாத் என்று சொல்லும்போது மூன்றாவது கட்டத்தை மட்டுமே மனதில் வைத்திருக்கிறோம்.

தரவுத்தள சர்வரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதன் ரூட், மல்டிபாத் சாதனத்தின் மேல் இல்லை. நேரடியாக எஸ்டிஏ என்ற ஒற்றைப் பாதையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது என் ஊகம். வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை இட்டுப் பாருங்கள். ரூட் இருக்கும் எல்விஎம் (வட்டைத் தொகுதிகளாகப் பிரித்துத் தரும் அடுக்கு) தொகுதி எம்பாத்-ஏ போன்ற ஒரு பெயரின் கீழ் வருகிறதா, அல்லது எஸ்டிஏவின் கீழ் நேரடியாகத் தொங்குகிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இப்படி ஆவதற்குப் பொதுவான காரணம் நிறுவும் முறையிலேயே உள்ளது. இயங்குதளத்தை நிறுவும்போது குழப்பம் வேண்டாம் என்று ஒரு பாதையை மட்டும் சோனிங்கில் திறந்து வைப்பார்கள். நிறுவிய பிறகு மற்றப் பாதைகளைத் திறந்து, மல்டிபாத் தொகுப்பைச் சேர்த்து, சேவையைத் தொடங்குவார்கள். தரவு லன்கள் ஒழுங்காக மல்டிபாத்தின் கீழ் வந்துவிடும். ஆனால் இனிட்ராம்எஃப்எஸ் பழையதாகவே இருப்பதால், அதற்குள் மல்டிபாத் கருவியும் இல்லை, அதன் அமைப்புக் கோப்பும் இல்லை. ரீபூட்டின்போது எல்விஎம் முதலில் கண்ணில் பட்ட எஸ்டிஏவைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் எழும் மல்டிபாத் சேவை அந்த லன்னுக்கு மேப் உருவாக்க முயலும். சாதனம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற மறுப்பைப் பெற்று விலகிவிடும். அந்த மறுப்பு பதிவேட்டில் ஒரே ஒரு வரியாக இருக்கும். எல்லாம் ஓடுகிறதே என்று அதை யாரும் படிப்பதில்லை.

சில வினாடிகளில் விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியமான தடயம். ஃபைபர் சேனலில் இணைப்பு அறுந்ததும் கர்னல் அந்த ஸ்டோரேஜ் போர்ட்டை உடனே இறந்ததாகக் கருதாது. 'பிளாக்டு' என்ற நிலையில் வைத்துக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை இரண்டு கால வரம்புகள் ஆள்கின்றன. ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில் என்பது, தேங்கி நிற்கும் கோரிக்கைகளைப் பிழையோடு திருப்பி அனுப்பும் நேரம். டெவ் லாஸ் என்பது, எஸ்டிஏ போன்ற சாதனத்தையே நீக்கிவிடும் நேரம். மல்டிபாத் தலையிடாத நிலையில் முதலாவது அணைந்திருக்கும். இரண்டாவது கர்னலின் பொது இயல்பு மதிப்பில் 60 வினாடி, எமுலெக்ஸ் டிரைவரில் 30 வினாடி. அதாவது ஒற்றைப் பாதையில் இருக்கும் ரூட்கூட, வேறு ஒன்றும் குறுக்கிடாவிட்டால், அரை நிமிடமோ ஒரு நிமிடமோ உறைந்து நிற்குமே தவிர, சில வினாடிகளில் விழாது.

உங்கள் சர்வரில் குறுக்கிட்டது மல்டிபாத்தேதான். இந்தக் கால வரம்புகள் லன்னுக்கு உரியவை அல்ல. ஸ்டோரேஜ் போர்ட்டுக்கு உரியவை. மல்டிபாத் சேவை, தரவு லன்களுக்கு மாற்றுப் பாதை இருக்கிறது என்ற நம்பிக்கையில், அந்தப் போர்ட்டின் ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில் மதிப்பை 5 வினாடியாகக் குறைத்துவிடும். அதே போர்ட் வழியாக வரும் ரூட் லன்னும் அந்த 5 வினாடிக்குக் கட்டுப்பட்டது. தரவு லன்களின் கோரிக்கைகள் 5 வினாடியில் திரும்பி வந்து பி ஃபேப்ரிக் வழியாக மீண்டும் சென்றன. ரூட்டின் கோரிக்கைகளும் அதே 5 வினாடியில் திரும்பின. ஆனால் அவற்றை ஏந்திக்கொள்ள மேலே மல்டிபாத் அடுக்கு இல்லாததால் பிழை நேராக ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை வரை ஏறிவிட்டது. ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவில்) எழுத முடியாத ஈஎக்ஸ்டி4 தன்னை ரீட்-ஒன்லி ஆக்கிக்கொள்வது அதன் இயல்பு. தரவு லன்களைக் காப்பாற்றிய அதே அமைப்புதான் ரூட்டை முன்கூட்டியே சாய்த்தது.

ஏ திரும்பிய பிறகும் சரியாகாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஜர்னல் ஒருமுறை கைவிடப்பட்டால் ரீமவுன்ட் செல்லாது. கோப்பு முறைமையை முழுதாக அன்மவுன்ட் செய்து மீண்டும் மவுன்ட் செய்தாக வேண்டும், ரூட்டுக்கு அது ரீபூட் என்றே பொருள். இரண்டாவதாக, நீங்கள் சில மணி நேரம் ஸ்விட்சை அணைத்து வைத்திருந்தீர்கள். மல்டிபாத் கருவிகள் டெவ் லாஸ் நேரத்தை இயல்பாக 600 வினாடியாக வைக்கின்றன. அதைத் தாண்டியதும் எஸ்டிஏ நீக்கப்பட்டிருக்கும். பாதை திரும்பும்போது அதே லன் வேறொரு எழுத்தில் புதிய சாதனமாக வந்திருக்கும்; பழைய மவுன்ட் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

---

தேடல் பதில்:

மிகவும் நன்றி. நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. சர்வரை இன்னும் ரீபூட் செய்யவில்லை. எல்எஸ்பிஎல்கே பட்டியலில் தரவு லன்கள் ஒவ்வொன்றும் நான்கு எழுத்துகளின் கீழ் ஒரே எம்பாத் பெயரைக் காட்டுகின்றன. ரூட் தொகுதி எந்த எம்பாத்தின் கீழும் இல்லை. பழைய எஸ்டிஏவும் இப்போது இல்லை. ரூட் லன்னின் அடையாள எண்ணைக் கொண்டு தேடியபோது, ஏ ஃபேப்ரிக் வழியாக அது எஸ்டிகே என்ற பெயரில் அமர்ந்திருக்கிறது. பூட் நேரப் பதிவைத் தேடிப் பார்த்ததில், மேப் உருவாக்க முடியவில்லை என்ற வரியும் கிடைத்தது.

அப்படியானால் இரண்டாவது சர்வர்? அதில் ரூட் மல்டிபாத்தின் மேல்தான் இருக்கிறது. நான்கு பாதைகளும் 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்' என்றே காட்டுகின்றன.

---

இரவுப்பணி பதில்:

அது ஃபர்ம்வேர் கட்டத்துக் கோளாறு. மின்சாரம் வந்ததும் எச்பிஏயில் உள்ள பூட் நிரல் லன்னைத் தேடிப் போகும். அதற்கு மல்டிபாத் என்ற கருத்தே கிடையாது. எந்த டபிள்யுடபிள்யுபிஎன் (ஸ்டோரேஜ் போர்ட்டின் தனித்த அடையாள எண்), எந்த லன் எண் என்று அதன் நினைவகத்தில் எழுதி வைத்திருக்கிறதோ அவற்றை வரிசையாக முயலும். க்யூலாஜிக் அட்டைகளின் அமைப்புத் திரையில் ஒரு முதன்மை இடமும் மூன்று மாற்று இடங்களும் உண்டு. பெரும்பாலானோர் முதன்மையை நிரப்பிவிட்டு, சர்வர் எழுந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் வெளியேறிவிடுகிறார்கள். மேலும் அந்தப் பட்டியல் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி. ஏ போர்ட்டில் பூட் நிரல் இயக்கப்பட்டு, பி போர்ட்டில் அணைந்திருந்தால், ஏ போர்ட்டில் எத்தனை மாற்று எண்கள் இருந்தாலும் ஏ ஃபேப்ரிக் இல்லாதபோது பயன் இல்லை. உங்கள் சர்வரில் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும்.

யுஈஎஃப்ஐ என்ற புதிய ஃபர்ம்வேர் முறையில் பூட் ஆகும் சர்வர் என்றால் இன்னோர் இடமும் பார்க்க வேண்டியது. அங்கே பூட் பட்டியலின் ஒவ்வொரு பதிவும் ஸ்டோரேஜ் போர்ட்டின் எண்ணையும் லன்னையும் உள்ளடக்கிய ஒரு முழு முகவரி. இயங்குதளத்தை நிறுவியபோது எந்தப் பாதை கண்ணில் பட்டதோ அதற்கான பதிவு மட்டுமே உருவாகியிருக்கலாம். மற்றப் பாதைகளுக்கும் பதிவுகளைச் சேர்த்து வரிசையில் வைக்க வேண்டும். ஸ்டோரேஜ் கன்ட்ரோலரை மாற்றும்போது போர்ட் எண்கள் மாறினால் இந்தப் பதிவுகள் அனைத்தும் ஒரே நாளில் செல்லாதவையாகிவிடும்; ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு அது தெரியவே தெரியாது, அடுத்த ரீபூட் வரை.

ஐபிஎம் பவர் சர்வர்களில் ஏஐஎக்ஸ் நிர்வகிப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. பூட்லிஸ்ட் கட்டளையில் ஒரே வட்டின் பல பாதைகளைப் பாதை எண்ணோடு குறிப்பிட அங்கே வழி இருக்கிறது. லினக்ஸ் பக்கம் இந்த வேலை இயங்குதளத்துக்கு வெளியே, ஃபர்ம்வேர் திரையில் ஒளிந்திருப்பதால், இது சர்வர் குழுவின் பொறுப்பா ஸ்டோரேஜ் குழுவின் பொறுப்பா என்பதே பல இடங்களில் தெளிவில்லை.

---

கிளஸ்டர்வாசி பதில்:

எல்லாப் பாதைகளும் போனால் என்ன செய்வது என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. அதைப் பற்றி எழுதுகிறேன்.

மல்டிபாத் அமைப்பில் 'நோ பாத் ரீட்ரை' என்ற மதிப்பு இதை முடிவு செய்கிறது. 'க்யூ' என்று வைத்தால் பாதை திரும்பும் வரை கோரிக்கைகள் காலவரையின்றிக் காத்திருக்கும். 'ஃபெயில்' என்று வைத்தால் உடனே பிழை திரும்பும். ஓர் எண்ணைக் கொடுத்தால், பாதைச் சோதனை அத்தனை முறை தோற்ற பிறகு பிழை திரும்பும். சோதனை இடைவெளி 5 வினாடி, எண் 12 என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

க்யூ என்று வைத்த சர்வர் எல்லாப் பாதைகளையும் இழந்தால் எப்படித் தோன்றும் என்பதை ஒருமுறையாவது சோதனைக் கணினியில் பார்த்துவிடுங்கள். பிங் செய்தால் பதில் வரும். ஏனெனில் வலை அடுக்கு முழுவதும் கர்னல் நினைவகத்தில் இருக்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் ஷெல்லில் 'எக்கோ' வேலை செய்யும். அது ஷெல்லுக்குள்ளேயே இருப்பது. சற்றுமுன் ஓட்டிய கட்டளைகள்கூட, அவற்றின் பக்கங்கள் நினைவகத்தில் மிச்சமிருந்தால், ஓடும். புதிதாக ஒரு கட்டளையை இட்டால் அந்த ஷெல் அங்கேயே உறைந்துவிடும், கன்ட்ரோல்-சி கூட எடுபடாது. புதிய எஸ்எஸ்எச் இணைப்பு கடவுச்சொல்லுக்கு முன்போ பின்போ நின்றுவிடும். 120 வினாடி கடந்ததும், இன்ன செயல்முறை தடைபட்டுக் கிடக்கிறது என்று கன்சோலில் கர்னல் முறையிடத் தொடங்கும். அந்த வரிகள் வட்டில் உள்ள பதிவேட்டில் ஏறாது, வட்டே இல்லையே. ஆகவே சானிலிருந்து பூட் ஆகும் சர்வர்களுக்குப் பதிவுகளை வலை வழியாக வேறு கணினிக்கு அனுப்பும் ஏற்பாடு கட்டாயம் தேவை. அது இல்லாமல், பாதை போன நேரத்தில் என்ன நடந்தது என்று பின்னர் தேடுவது வீண்.

இந்த நிலை கிளஸ்டரில் ஆபத்தானது. கிளஸ்டர் கணுக்களுக்கிடையே தொடர்பைப் பேணும் கோரோசின்க், தன் நினைவகப் பக்கங்களைப் பூட்டி வைத்துக்கொள்ளும் நிரல். வட்டு போன பிறகும் அதன் இதயத்துடிப்புச் செய்திகள் தவறாமல் போய்க்கொண்டிருக்கும். மற்ற கணுக்கள் இந்தக் கணு நலமாக இருப்பதாக நம்பும், ஆனால் சேவை செத்திருக்கும். அதனால் கிளஸ்டரில் இருக்கும் சர்வரின் ரூட்டுக்கு 'க்யூ' வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குறிப்பிட்ட எண்ணை வைத்து, பிழை வந்ததும் கர்னல் பேனிக் ஆகும்படி ஈஎக்ஸ்டி4இன் பிழை நடத்தையை மாற்றி, பேனிக்கிற்குச் சில வினாடிகள் கழித்துத் தானே ரீபூட் ஆகும்படியும் அமைத்துவிட்டால், கணு தெளிவாக இறக்கும். மற்றக் கணு சேவையை எடுத்துக்கொள்ளும்.

---

ஒளியிழை பதில்:

கிளஸ்டருக்கு ஒப்புக்கொள்கிறேன். தனித்து ஓடும் சர்வருக்கு ஒப்ப மாட்டேன். அங்கே ரூட் ரீட்-ஒன்லி ஆனால் எப்படியும் ரீபூட்தான். காத்திருப்பதால் இழப்பது ஒன்றும் இல்லை, பாதை திரும்பினால் சர்வர் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஸ்டோரேஜின் ஒரு கன்ட்ரோலர் மற்றதிடம் பொறுப்பை ஒப்படைக்கும் இடைவெளியில் எல்லாப் பாதைகளும் சற்று நேரம் மறைவது அரிதல்ல. அந்த நேரத்தில் அவசரப்பட்டுப் பிழை கொடுக்கும் ரூட், பிழைத்திருக்க வேண்டிய சர்வரைச் சாய்க்கிறது. கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ் என்றால் நிலைமை இன்னும் கடுமை: லாக்கில் எழுத முடியாவிட்டால் அது ரீட்-ஒன்லிக்கு மாறாது, முழுதாக மூடிக்கொள்ளும், அடைவைப் பட்டியலிடச் சொன்னால்கூட உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழைதான் வரும்.

மல்டிபாத் அமைப்புக் கோப்பில் குறிப்பிட்ட லன்னின் அடையாள எண்ணுக்கு மட்டும் தனி மதிப்பு வைக்க முடியும் என்பதால், ரூட்டுக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என்று பிரித்தே முடிவு செய்யலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: அந்தக் கோப்பின் ஒரு நகல் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் உறங்குகிறது. வெளியே மாற்றிவிட்டு உள்ளே மாற்றாவிட்டால், ரூட்டின் மேப் பூட்டின்போது பழைய அமைப்பைக் கொண்டே உருவாகும்.

---

இரவுப்பணி பதில்:

சோதனை முறையைப் பற்றி ஒரு சொல். ஸ்விட்சில் சர்வர் பக்கத்துப் போர்ட்டை முடக்கினால் எச்பிஏ ஒளியையே இழக்கும். அது எல்லா மென்பொருளும் எளிதாகக் கண்டுகொள்ளும் தோல்வி. ஸ்டோரேஜ் பக்கத்துப் போர்ட்டை முடக்கினால் சர்வரின் இணைப்பு உயிரோடுதான் இருக்கும். ஸ்விட்ச் அனுப்பும் ஆர்எஸ்சிஎன் என்ற மாற்ற அறிவிப்பை வைத்தே சர்வர் தெரிந்துகொள்ள வேண்டும். லன் ஒதுக்கீட்டை ஸ்டோரேஜில் நீக்கினால் போர்ட்டும் உயிரோடிருக்கும், லன் மட்டும் இல்லை என்ற பதில் வரும். மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

நடைமுறையில் என்னை அதிகம் படுத்தியது இம்மூன்றும் அல்ல. பாதி கெட்ட எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் ஒளி மாற்றி). ஒளி இருக்கிறது, இணைப்பு இருக்கிறது, ஆனால் தரவுச் சட்டங்கள் (ஃப்ரேம்கள்) சிதைந்து வருகின்றன. பாதைச் சோதனை அனுப்பும் சிறிய கட்டளை எப்படியோ தப்பிப் போய்த் திரும்பிவிடும். பெரிய எழுத்துக் கோரிக்கைகள் சிதையும். ஒவ்வொன்றும் எஸ்சிஎஸ்ஐயின் இயல்பான 30 வினாடி வரம்பு வரை காத்திருந்து, கைவிடப்பட்டு, பாதை தோற்றதாகக் குறிக்கப்படும். அடுத்த சோதனை வெற்றி பெற்றுப் பாதை மீண்டும் உள்ளே வரும். படியளக்கும் போதெல்லாம் ஓட்டை மரக்காலைத் தேடி எடுப்பதைப் போன்றது இது. மல்டிபாத்தில் 'மார்ஜினல் பாத்' என்று தொடங்கும் அமைப்புகள் இதற்காகவே உள்ளன; அடிக்கடி விழுந்து எழும் பாதையை அவை தனியே ஒதுக்கிக் கண்காணிக்கும். இயல்பாக அவை அணைந்திருக்கும். சிதைந்த சட்டங்களைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கையையும் ஸ்விட்சில் அவ்வப்போது பாருங்கள்.

---

கிளஸ்டர்வாசி பதில்:

ஐஸ்கஸி (ஐபி வலை வழியாக ஸ்டோரேஜை அணுகும் முறை) வழியாகப் பூட் செய்பவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கும் இதே கணக்கு வேறு பெயர்களில் உண்டு. ஓப்பன்-ஐஸ்கஸியில் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று 5 வினாடிக்கு ஒருமுறை நோ-ஆப் செய்தி போகும், பதிலுக்கு 5 வினாடி காத்திருக்கும். அதன்பின் ரீப்ளேஸ்மென்ட் டைம் அவுட் முடியும்வரை கோரிக்கைகள் தேங்கும். அதன் இயல்பு மதிப்பு 120 வினாடி. மேலே மல்டிபாத் இருந்தால் இதை 5 போன்ற சிறு மதிப்பாகக் குறைப்பது வழக்கம். மல்டிபாத் இல்லாத ஐஸ்கஸி ரூட்டுக்கோ நேர் எதிரான பரிந்துரை: நோ-ஆப்பை அணைத்துவிட்டு, இந்த மதிப்பை 86400 வினாடியாக, அதாவது ஒரு முழு நாளாக, வைப்பது. இரண்டு சூழலுக்குமான மதிப்புகளை மாற்றிப் போட்டால் தேடல் அவர்களின் தரவுத்தள சர்வருக்கு நேர்ந்ததே நேரும்.

---

தேடல் பதில்:

அனைவருக்கும் நன்றி. தரவுத்தள சர்வரை இந்த வாரப் பராமரிப்பு நேரத்தில் சரிசெய்யப் போகிறோம். டிராகட் கொண்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மல்டிபாத்தோடு மீண்டும் உருவாக்கிவிட்டு ரீபூட் செய்தால் போதுமா?

---

ஒளியிழை பதில்:

ரூட் இப்போது ரீட்-ஒன்லி என்பதால் ஓடும் கணினியில் டிராகட் எதையும் எழுத முடியாது. முதலில் ஒரு ரீபூட் செய்து, கோப்பு முறைமைச் சோதனை முடிந்து எழுந்த பிறகு அதைச் செய்யுங்கள். அந்த இடைப்பட்ட நேரத்தில் ரூட் இன்னும் ஒற்றைப் பாதையில்தான் இருக்கும். ஸ்விட்ச் பக்கம் யாரும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

உருவாக்கிய பின், ரீபூட்டுக்கு முன்பாகவே, எல்எஸ்இனிட்ஆர்டி கட்டளையால் அதற்குள் மல்டிபாத் நிரலும், அமைப்புக் கோப்பும், லன் அடையாள எண்கள் அடங்கிய கோப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டெபியன், உபுண்டு சர்வர்களில் மல்டிபாத்-டூல்ஸ்-பூட் என்ற தனித் தொகுப்பு இதற்காக உள்ளது. எல்விஎம் ஒற்றைப் பாதைகளைத் தொடாதபடி அதன் வடிகட்டியையும் சரிபாருங்கள். எழுந்ததும் எல்எஸ்பிஎல்கே பட்டியலில் ரூட்டுக்கு மேலே எம்பாத் பெயர் தெரிந்தால், ஏ போர்ட்டை முடக்கிவிட்டு மின்சாரத்தை முழுதாக நிறுத்தி மீண்டும் பூட் செய்யுங்கள். பிறகு ஏயைத் திறந்து பியை முடக்கி இன்னொருமுறை. இரண்டாவது சர்வருக்கும் அதே பராமரிப்பு நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம், ஃபர்ம்வேர் பட்டியலை நிரப்பிய பிறகு.